எடை குறையும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெண்கள் பலரும் பிசிஓஎஸ் என்று குறிப்பிடும் சினைப்பை நீர்க்கட்டி நோயைப் பற்றித் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் வெளியாகும் கட்டுரைகளைத் தவறாமல் வாசித்து வருகிறேன். நோயின் அறிகுறிகளை எளிய தமிழில் எடுத்துச் சொல்வதற்கு என் நன்றி. ஆயினும் அக்கட்டுரைகளில் ஏறக்குறைய எல்லாமே கடைசியில் ஒரே அறிவுரையில் வந்து நிற்கின்றன: எடையைக் குறையுங்கள், இல்லையேல் குழந்தைப்பேறு கடினமாகிவிடும். பதின்பருவத்திலேயே இந்நோய் கண்டறியப்பட்டு, இன்றும் அதற்கான மருத்துவக் கண்காணிப்பில் இருப்பவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எடையையும் குழந்தையையும் இப்படி ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லும்போது படிக்கும் பெண்ணின் மனத்தில் அச்சமும் குற்றவுணர்வும் மட்டுமே தங்குகின்றன. அந்த அச்சத்துக்கு இன்றைய மருத்துவத்தில் இருக்கும் விடை அந்த ஒற்றை அறிவுரையைவிட மிக விரிவானது. பெரும்பாலும் நம்பிக்கை தரக்கூடியதும்கூட. அதை வாசகர்கள் முன் வைக்கவே இக்கடிதம்.

உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணிப்பின்படி, குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ 10 முதல் 13 சதவீதம் பேருக்கு இந்நோய் இருக்கிறது. அவர்களில் 70 சதவீதம் பேர் வரை தமக்கு அது இருப்பதையே அறியாதவர்கள். நோயின் போக்கை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எடையைப் பற்றிய தவறான எண்ணங்கள் எல்லாம் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. இந்நோயுள்ள பெண்களில் பெரும்பாலோரின் உடல் இன்சுலினுக்குச் சரியாகக் கட்டுப்படுவதில்லை. அதை ஈடுசெய்யக் கணையம் கூடுதலாக இன்சுலினைச் சுரக்கிறது. இரத்தத்தில் மிகும் அந்த இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண்பால் ஹார்மோன்களை அதிகமாகச் சுரக்கவைக்கிறது; அதே வேளையில், அந்த ஹார்மோன்களைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கல்லீரல் குறைவாகத் தயாரிக்கும்படியும் செய்துவிடுகிறது. இவ்விரண்டும் சேர்வதால் முகத்தில் முடி வளர்கிறது, பரு வருகிறது, தலைமுடி உதிர்கிறது. சினைப்பைக்குள் வளரத் தொடங்கிய முட்டைப் பைகள் முதிராமல் பாதியில் நின்றுவிடுகின்றன. ஸ்கேனில் கட்டிகளாகக் காட்சியளிப்பவை அப்படி நின்றுபோன சின்னஞ்சிறு பைகளே. அவற்றை அறுத்து எடுக்க வேண்டிய தேவை இல்லை. முட்டை முதிர்ந்து வெளிவராதபோது மாதவிடாய் தள்ளிப்போகிறது, கருத்தரிப்பதற்கான வாய்ப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது.

இந்தச் சங்கிலியில் எடை எங்கே வருகிறது என்று கேட்டால், இரண்டு முனைகளிலும் வருகிறது என்பதே நேர்மையான பதில். கூடுதல் கொழுப்பு, குறிப்பாக வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்பு, இன்சுலின் கோளாற்றை மோசமாக்குகிறது. அக்கோளாறும் அதனோடு வரும் ஹார்மோன் மாற்றங்களும் எடை கூடுவதை எளிதாக்கிக் குறைவதைக் கடினமாக்குகின்றன. ஒரே வீட்டில், ஒரே உணவை உண்டு, ஒரே அளவு நடக்கும் இரண்டு சகோதரிகளில் ஒருத்திக்கு மட்டும் எடை ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்னொரு பக்கம், மெலிந்த உடல்வாகு கொண்ட பெண்களுக்கும் இந்நோய் வருகிறது; அவர்களிலும் பலருக்கு இன்சுலின் கோளாறு காணப்படுகிறது. அப்படிப்பட்ட பெண்களிடம் ‘உனக்கு இந்த நோய் இருக்க வாய்ப்பே இல்லை’ என்று சொல்லப்பட்டு, நோய் கண்டறியப்படுவதே பல ஆண்டுகள் தாமதமாகிவிடுவது உண்டு. ஆகவே எடை மிகுந்தவளிடம் எல்லாமே உன் எடையால்தான் என்று சொல்வதும், மெலிந்தவளிடம் உனக்கு ஒன்றுமில்லை என்று சொல்வதும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள்.

குழந்தைப்பேறு பற்றிய அச்சம் தொடங்கும் வயதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். மாதவிடாய் ஒழுங்காக வராத பதினைந்து, பதினாறு வயதுச் சிறுமியை மருத்துவரிடம் அழைத்துச் செல்கிறார்கள். ஒரு ஸ்கேன் எடுக்கப்படுகிறது. சினைப்பையில் நீர்க்கட்டிகள் இருப்பதாக அறிக்கை வருகிறது. ‘எடையைக் குறைக்காவிட்டால் பின்னால் குழந்தை பிறப்பது கஷ்டம்’ என்று அவளுக்கு எதிரிலேயே தாயிடம் சொல்லப்படுகிறது. இந்த வாக்கியத்தை அந்த வயதில் கேட்டவர்கள் அதை எளிதில் மறப்பதில்லை, நானும் மறக்கவில்லை. ஆனால் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்வது வேறு. 2003-இல் ராட்டர்டாமில் கூடிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோலின்படி, மாதவிடாய் ஒழுங்கின்மை, ஆண்ட்ரோஜன் மிகுதி, ஸ்கேனில் தெரியும் சினைப்பைத் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டேனும் இருந்தால்தான் வயதுவந்த பெண்ணுக்கு இந்நோய் இருப்பதாகக் கொள்ள வேண்டும். அதற்கு முன் தைராய்டு, பால் சுரப்பைத் தூண்டும் ஹார்மோனான புரோலாக்டின் முதலியவற்றின் கோளாறுகள் இல்லை என்பதை உறுதி செய்துகொள்ளவும் வேண்டும். பதின்பருவத்தினருக்கோ முதல் இரண்டு அடையாளங்களும் சேர்ந்தே இருக்க வேண்டும். பூப்பெய்தி 8 ஆண்டுகள் ஆகும்வரை ஸ்கேனைக் கொண்டு இந்நோயைத் தீர்மானிக்கக் கூடாது என்று பன்னாட்டு வழிகாட்டுதல் கூறுகிறது, ஏனெனில் அந்த வயதில் நலமான சினைப்பைகளும் அதே தோற்றத்தில் இருக்கக்கூடும். பூப்பெய்திய முதல் ஓராண்டில் மாதவிடாய் ஒழுங்கற்று வருவது இயல்பானதே. நோய் உறுதியாகத் தெரியாத சிறுமியிடம், என்றோ நிகழப்போகும் தாய்மையைப் பற்றி எச்சரிப்பதில் எந்த மருத்துவப் பயனும் இல்லை.

அந்தச் சிறுமி வளர்ந்து இருபதுகளில் இருக்கும்போது அந்த எச்சரிக்கை இரண்டு விதமாகத் தீங்கு செய்கிறது. ஒருத்தி, தனக்குக் கருத்தரிக்கவே இயலாது என்று நம்பிக் கருத்தடையைத் தவிர்த்துவிட்டு, எதிர்பாராத கர்ப்பத்தைச் சந்திக்கிறாள். முட்டை எப்போதாவதுதான் வெளிவருகிறது என்றாலும் அது எந்த மாதம் வெளிவரும் என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொருத்தி, திருமணத்துக்கு முன்பே தன்னைக் குறையுள்ளவளாகக் கருதத் தொடங்கி, வருங்காலத் துணைவரிடம் நோயைச் சொல்வதா மறைப்பதா என்ற கேள்வியிலேயே உழல்கிறாள். இருவருக்கும் தேவைப்பட்டது சரியான தகவல்; கிடைத்தது எச்சரிக்கை மட்டுமே.

சரியான தகவல் இதுதான்: இந்நோயால் வரும் கருத்தரிப்புத் தாமதத்துக்குப் பெரும்பாலும் முட்டை உரிய காலத்தில் வெளிவராததே காரணம். குழந்தையின்மைக்கான காரணங்களுள் சிகிச்சைக்கு நன்கு கட்டுப்படுவதும் இதுவே. இந்நோயுள்ள பெண்களின் சினைப்பையில் முட்டைகளின் எண்ணிக்கை பொதுவாகக் குறைவாக இருப்பதில்லை. பலருக்குச் சராசரியைவிட அதிகமாகவே இருக்கும். முட்டையை முதிரச் செய்ய முதலில் தரவேண்டிய மருந்து லெட்ரோசோல் என்று பன்னாட்டு வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது. 2014-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில் இந்நோயுள்ள 750 பெண்களுக்கு ஐந்து சுழற்சிகள் வரை சிகிச்சை அளித்துப் பார்த்தபோது, லெட்ரோசோல் எடுத்துக்கொண்டவர்களில் 27.5 சதவீதத்தினருக்கும் பழைய மருந்தான குளோமிஃபீன் எடுத்துக்கொண்டவர்களில் 19.1 சதவீதத்தினருக்கும் குழந்தை பிறந்தது. அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் பருமனான உடல் கொண்டவர்கள் என்பதைத் தங்கள் வாசகிகள் கவனிக்க வேண்டுகிறேன். எடை குறைந்த பிறகு மருந்து தரப்பட்டவர்கள் அல்லர் அவர்கள். இருந்த எடையோடு சிகிச்சை பெற்றுத் தாயானவர்கள். மாத்திரைகளில் பலன் கிட்டாதவர்களுக்கு ஹார்மோன் ஊசிகளும், சிலருக்கு லேப்ராஸ்கோப்பி முறையில் சினைப்பையில் செய்யப்படும் சிறு அறுவைச் சிகிச்சையும், அவற்றிலும் பலன் இல்லையெனில் சோதனைக்குழாய் முறையும் இருக்கின்றன. சோதனைக்குழாய் சிகிச்சையின்போது இந்நோயுள்ளவர்களின் சினைப்பைகள் ஊசிக்கு அளவுமீறி எதிர்வினையாற்றும் ஆபத்து உண்டு என்பதால், அதைத் தவிர்க்கும் வகையில் மருந்துமுறையை மருத்துவர் தேர்ந்தெடுப்பார். இதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அப்படியிருந்தும், ‘முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்’ என்ற பதிலோடு பெண்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். எவ்வளவு குறைக்க வேண்டும், எத்தனை மாதங்களுக்குள், யாருடைய உதவியோடு, குறையாவிட்டால் அடுத்து என்ன என்பவற்றில் எதுவும் சொல்லப்படுவதில்லை. ஓராண்டு கழித்துச் சற்றே குறைந்த எடையோடு திரும்பி வருகிறவளிடம் இன்னும் குறைக்கச் சொல்கிறார்கள். இதற்கிடையில் அவளுக்கு வயது ஏறுகிறது. முப்பத்தைந்தைத் தாண்டும்போது முட்டையின் தரம் குறைவதை எந்த உணவுமுறையாலும் ஈடுகட்ட முடியாது. முப்பத்து மூன்று வயதுப் பெண்ணிடம் காலவரம்பில்லாமல் எடை குறைக்கச் சொல்வதும், இருபத்து நான்கு வயதுப் பெண்ணிடம் ஆறு மாதம் முயன்று பார்க்கச் சொல்வதும் ஒரே அறிவுரை ஆகாது.

இது தொடர்பாக நெதர்லாந்தில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2016-இல் வெளியானது. பருமனோடு குழந்தையின்மையும் உள்ள 577 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். அவர்களில் இந்நோயுள்ளவர்களும் இருந்தார்கள், மற்றவர்களும் இருந்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஆறு மாத வாழ்க்கைமுறைப் பயிற்சிக்குப் பிறகும், மற்றொரு பிரிவினருக்கு உடனடியாகவும் கருத்தரிப்புச் சிகிச்சை தரப்பட்டது. இரண்டாண்டுகளில், நிறைமாதத்தில் நலமான ஒற்றைக் குழந்தை சுகப்பிரசவமாகப் பிறந்தது முதல் பிரிவில் 27.1 சதவீதத்தினருக்கும், காத்திருக்காமல் சிகிச்சை பெற்ற பிரிவில் 35.2 சதவீதத்தினருக்கும் ஆகும். பயிற்சி பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பாதியிலேயே விலகிவிட்டார்கள். பயிற்சி பெற்ற பிரிவில் சிகிச்சையின்றி இயல்பாகவே கருத்தரித்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆகவே எடையைக் குறைக்கும் முயற்சி வீண் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. எடை குறைவதை நுழைவுச் சீட்டாக்கி, அதுவரை சிகிச்சையின் கதவை மூடிவைப்பதால் குழந்தை பெறும் வாய்ப்பு கூடும் என்ற நம்பிக்கைக்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

எடை ஒரு பொருட்டே அல்ல என்று நான் வாதிடுவதாக யாரும் கருத வேண்டாம். அப்படிச் சொல்வது என்னைப் போன்ற பெண்களுக்கு நான் செய்யும் துரோகமாகும். எடை மிகுந்திருக்கும் பெண்களுக்கு, இருக்கும் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே மாதவிடாய் ஒழுங்குபடவும் முட்டை வெளிவரவும் வாய்ப்பு கூடுகிறது. 80 கிலோ எடையுள்ள ஒருவருக்கு அது 4 முதல் 8 கிலோ மட்டுமே. கர்ப்பகாலத்தில் வரும் நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இந்நோயுள்ளவர்களுக்குப் பொதுவாகவே அதிகம். எடை மிகுந்திருந்தால் இன்னும் அதிகம். அறுவைச் சிகிச்சை தேவைப்படும்போது மயக்க மருந்தின் சிக்கல்களும் கூடுகின்றன. மிக அதிக எடையுள்ள ஒருவருக்குச் சிகிச்சையைத் தொடங்கும் முன் இவற்றைப் பற்றி மருத்துவர் பேசத்தான் வேண்டும். நான் கேட்பதெல்லாம், அந்தப் பேச்சு எண்களோடும் காரணங்களோடும் கால அளவோடும் நிகழ வேண்டும் என்பதும், ‘இயன்ற அளவு இதைச் செய்யுங்கள், கூடவே இந்தப் பரிசோதனைகளையும் இந்த மருந்தையும் தொடங்குவோம்’ என்ற வகையில் அமைய வேண்டும் என்பதுமே. இருபது கிலோ குறைத்தால்தான் தாயாகலாம் என்று நம்பி முதல் வாரத்திலேயே மனமுடைந்துபோகும் பெண்ணிடம், நான்கு கிலோவும் பயன் தரும் என்று சொல்ல ஒருவர் இருந்தால் அவளுடைய முயற்சியின் போக்கே மாறிவிடும்.

2018-இல் வெளியாகி 2023-இல் புதுப்பிக்கப்பட்ட பன்னாட்டு வழிகாட்டுதல், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் முன்முயற்சியில் பல நாட்டு வல்லுநர்களும் இந்நோயுள்ள பெண்களும் சேர்ந்து உருவாக்கியது. எடையைக் குறித்த ஏளனமும் பழிப்பும் இந்நோயுள்ளவர்களைப் பாதிப்பதை அது வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. எடையைப் பற்றிப் பேசும் முன்னும் எடை பார்க்கும் முன்னும் அப்பெண்ணின் சம்மதத்தைக் கேட்குமாறு மருத்துவப் பணியாளர்களுக்கு அறிவுறுத்துகிறது. ஒரு குறிப்பிட்ட உணவுமுறைதான் மற்றவற்றைவிடச் சிறந்தது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றும் அது தெளிவாகக் கூறுகிறது. மாவுச்சத்தை முற்றாக விலக்கச் சொல்வோரும், பட்டினி கிடக்கச் சொல்வோரும், ஒரே மாதத்தில் நோயை வேரறுக்கும் பொடி விற்போரும் இந்த ஒரு வாக்கியத்தையேனும் படித்திருந்தால் எத்தனையோ பெண்களின் பணமும் உடலும் தப்பித்திருக்கும். கடும் பட்டினி, இருக்கும் முட்டை வளர்ச்சியையும் நிறுத்திவிடக்கூடும். உண்பதிலேயே அச்சமும் அளவுமீறலும் மாறி மாறி வரும் உணவுண்ணல் கோளாறுகள் இந்நோயுள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. எடையைக் குறித்த ஓயாத கண்டிப்பு அவற்றுக்கு எண்ணெய் வார்க்கிறது.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடின உழைப்பு, அதோடு அடுத்தடுத்து வராத இரண்டு நாட்களில் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்பது வயதுவந்தோருக்கான பரிந்துரை. எடைக்கருவியின் முள் அசையாமல் இருந்தாலும், உழைக்கும் தசை இன்சுலினுக்கு மேலும் நன்றாகக் கட்டுப்படுகிறது. இதை எத்தனை முறை எழுதினாலும் தகும், ஏனெனில் எடை குறையவில்லை என்ற ஏமாற்றத்தில் நடைப்பயிற்சியையே நிறுத்திவிடும் பெண்கள் மிகப் பலர்.

புதிதாகப் பரவலாகிவரும் எடைக்குறைப்பு ஊசிகளைப் பற்றி ஓர் எச்சரிக்கையைத் தங்கள் பக்கத்தில் அவசியம் வெளியிட வேண்டும். செமாக்லுடைட் போன்ற மருந்துகளைக் கர்ப்பகாலத்தில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கருத்தரிக்கத் திட்டமிடுவதற்குக் குறைந்தது இரண்டு மாதங்களுக்கு முன்பே செமாக்லுடைடை நிறுத்திவிட வேண்டும். எடை குறையத் தொடங்கியதும் நின்றுபோயிருந்த முட்டை வெளியேற்றம் தானாகவே திரும்பிவிடலாம் என்பதால், அந்தக் காலத்தில் நம்பகமான கருத்தடை தேவை. மற்றொரு எடைக்குறைப்பு ஊசியான டிர்செபடைட் எடுத்துக்கொள்வோருக்கு, வாயால் விழுங்கும் கருத்தடை மாத்திரைகளின் செயல்திறன் குறையக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். குழந்தைக்காகவே எடை குறைக்க முனையும் பெண்ணுக்கு இந்தத் தகவல் கிடைக்காமல் போனால் அதன் விளைவு சிறியதாக இராது. நெடுங்காலமாகப் பயன்பாட்டில் உள்ள நீரிழிவு மாத்திரையான மெட்ஃபார்மின் இவற்றிலிருந்து வேறுபட்டது. இன்சுலின் கோளாற்றையும் மாதவிடாய் ஒழுங்கின்மையையும் ஓரளவு சீராக்க உதவுகிறது, வயிற்று உபாதையைத் தொடக்கத்தில் தரக்கூடியது, எடையைப் பெரிதாகக் குறைத்துவிடாது.

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்காத தம்பதியர் மருத்துவரை நாட வேண்டும் என்பது பொது விதி. மாதவிடாய் ஒழுங்கற்று வருபவர்கள் அந்த ஓராண்டு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கணவரின் விந்துப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே செய்துவிட வேண்டும். மனைவிக்கு ஏற்கெனவே ஒரு நோயின் பெயர் சூட்டப்பட்டுவிட்டது என்பதாலேயே கணவரைப் பரிசோதிக்காமல் மாதக்கணக்கில் அவளுக்கு மட்டும் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பது பெரும் அநீதி, காலவிரயமும்கூட. முட்டை வெளிவரும் நாளைக் கண்டறிய வீட்டில் பயன்படுத்தும் சிறுநீர்ப் பரிசோதனை அட்டைகள், முட்டை வெளிவருவதைத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோன் இயல்பாகவே உயர்ந்திருக்கும் இந்நோயாளிகள் பலருக்குத் தவறான முடிவைக் காட்டக்கூடும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கருத்தரிக்கும் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்குவதும், இரத்தச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்த்துக்கொள்வதும் எடை எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியவை.

குழந்தை வேண்டும் என்று இப்போது நினைக்காத பெண்களும், ஒருபோதும் நினைக்காத பெண்களும் இந்நோயுடன் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலர். 90 நாட்களுக்கும் மேலாக மாதவிடாய் வராமல் இருக்கும் நிலை தொடர்ந்தால் கருப்பையின் உட்சுவர் அளவுமீறித் தடிக்கலாம். கருப்பை உட்சுவர்ப் புற்றுநோயின் ஆபத்து இந்நோயுள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகம், ஒட்டுமொத்தமாகப் பார்க்கையில் அது குறைவான ஆபத்துதான் என்றாலும். புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரைகளையோ கருத்தடை மாத்திரைகளையோ மருத்துவர் தருவது அதைத் தடுப்பதற்காகவும்தான். அம்மாத்திரைகளால் மலட்டுத்தன்மை வந்துவிடும் என்று அஞ்சி அவற்றைக் கைவிடும் பெண்களுக்கு, அந்த அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். நோய் கண்டறியப்பட்டதும் ஒருமுறையும், பிறகு அவரவர் நிலைக்கேற்ப ஒன்று முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் நீரிழிவுப் பரிசோதனை தேவை, மெலிந்தவர்களுக்கும் தேவை. இவை எவற்றுக்கும் திருமணத்தோடும் தாய்மையோடும் தொடர்பில்லை.

மனநலத்தைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க இயலாது. மனச்சோர்வும் பதற்றமும் இந்நோயுள்ள பெண்களிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுகின்றன. ஆகையால் எல்லாரிடமும் அவற்றைக் கேட்டறிய வேண்டும் என்று மேற்சொன்ன வழிகாட்டுதலும் கூறுகிறது. நான் மருத்துவமனைகளில் காத்திருந்த வேளைகளில் பழகிய பெண்கள் பலரும் தம் எடையைக் கிராம் கணக்கில் அறிந்தவர்கள்; தம் இரத்தச் சர்க்கரை அளவை அறியாதவர்கள். ‘உறக்கம் வருகிறதா, மனம் எப்படி இருக்கிறது’ என்று மருத்துவர் கேட்டதாக அவர்களில் ஒருவர்கூடச் சொன்னதில்லை. மாதம் ஒரு முறை ஏமாற்றம், அதற்கும் மேலாக மாதவிடாயே வராமல் ஒவ்வொரு முறையும் ‘ஒருவேளை இந்த முறை’ என்று நம்பிப் பரிசோதித்துப் பார்த்து அடையும் ஏமாற்றம், அதன்மேல் உறவினரின் விசாரிப்பு, உணவுத் தட்டின் மீது பதியும் பார்வைகள் என்று இவை எல்லாவற்றையும் சுமந்துகொண்டுதான் அவள் அந்த எடைக்கருவியின் மீது ஏறி நிற்கிறாள். குடும்பத்தார் உண்மையில் உதவ விரும்பினால், அவளுடைய எடையைப் பற்றி அவள் கேட்காதவரை பேசாமல் இருப்பதும், மருத்துவரிடம் உடன் வருவதும், வீட்டு வேலைகளைப் பகிர்ந்துகொண்டு அவள் நடக்கவும் உறங்கவும் நேரம் ஒதுக்கித் தருவதும் போதும்.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் என் வேண்டுகோள் மூன்று. இந்நோயைப் பற்றிய அடுத்த கட்டுரையை, மகப்பேறு மருத்துவரோடு ஹார்மோன் நோய் மருத்துவரையும் உணவியல் வல்லுநரையும் மனநல ஆலோசகரையும் கேட்டு எழுதச் செய்யுங்கள். வாசகிகள் பெயர் வெளியிடாமல் தம் ஐயங்களை அனுப்பிப் பதில் பெறும் வகையில் ஒரு பகுதியைத் தொடங்குங்கள். கேள்விகளுக்குப் பஞ்சம் இராது என்று என்னால் உறுதியளிக்க முடியும். இத்தகைய கட்டுரைகளுக்கு மேலே, முகம் தெரியாமல் வயிற்றை மட்டும் காட்டும் படங்களை வெளியிடுவதைக் கைவிடுங்கள். அப்பக்கத்தைத் திறக்கும் பெண்களுள் பதினாறு வயதினரும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகி